கண் போகும் பக்கம்

தேனுஜா அடிக்கும் பந்து கோலின் எந்த மூலைக்குப் போகும் என்பது அவளுடைய அணியின் கோல்கீப்பர் மேர்லேக்கு முன்கூட்டியே தெரியும். மற்ற அணிகளின் கோல்கீப்பர்களுக்கும் இரண்டாவது அடியிலேயே பிடிபட்டுவிடும். தெரியாமல் இருந்தவள் தேனுஜா ஒருத்திதான்.

லக்ரோஸ் என்றால் ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் பாதிப் பேர் அது ஏதோ பிரெஞ்சுப் பலகாரம் என்று நினைக்கிறார்கள். நுனியில் சின்ன வலை கட்டிய நீண்ட மட்டையால் கெட்டி ரப்பர் பந்தைப் பிடித்து, ஓடி, எறிந்து கோல் போடுகிற விளையாட்டு அது. ஹம் என்ற வேறொரு நகரில் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்த தேனுஜா, படிக்க ஹம்பேர்க்குக்கு வந்த இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். படிப்பு முடிந்து, துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரிடம் வேலை கிடைத்து, பிரவீணனைக் கல்யாணமும் கட்டிய பிறகும் விடவில்லை. இப்போது வயது இருபத்தேழு. ஓட்டத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. பந்து பிடிப்பதில் அணியிலேயே கெட்டிக்காரி. அடிதான் உருப்படவில்லை. அந்தப் பருவத்தில் முப்பத்தொரு தடவை கோலை நோக்கி அடித்து, நான்கு தடவை போட்டிருந்தாள்.

மே மாதக் கடைசியில் பயிற்சியாளர் ஆங்கே எல்லாரையும் புல்லில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். இறுதிச் சுற்றுக்குப் பதினெட்டுப் பேர் போகலாம், பதினேழு பெயர் முடிவாகிவிட்டது, மிச்சம் இருக்கும் ஒரு இடம் தேனுஜாவுக்கா யோஹானாவுக்கா என்பதுதான் கேள்வி. மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை, இரண்டு பேரும் எட்டு மீற்றரிலிருந்து ஆளுக்குப் பத்து அடி அடிக்க வேண்டும். கோலில் மேர்லே நிற்பாள். சமமாக வந்தால் யோஹானா. அவளுக்குப் பத்தொன்பது வயது, இன்னும் பல வருடம் விளையாடுவாள்.

யோஹானா பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு வருடம் அமெரிக்காவில் தங்கிப் படித்தவள். மட்டையோடு பிறந்தவள் மாதிரி நடப்பாள். அவளைக் கண்டாலே தேனுஜாவுக்கு வயிறெரியும். இரண்டு வருடமாக இறுதிச் சுற்றுக்குப் போகிறவர்களின் பைகளைக் காரில் ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தனியாக எஸ்-பான் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்தவள் தேனுஜா. எரியாமல் என்ன செய்யும்?

"இந்த முறையும் நான் போகாட்டில் எனக்குத் தாங்கேலாது," என்று அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பிரவீணனிடம் சொன்னாள். "இப்பவே சொல்லிப்போட்டன்."

பிரவீணனுக்கு லிஃப்ற் திருத்துகிற வேலை. எந்தப் பழுதுக்கும் ஒரு இடம் உண்டு, தேடினால் அகப்படும் என்பது அவனுடைய மதம். வேலை முடிந்து வில்ஹெல்ம்ஸ்புர்க் பூங்காவுக்கு அவளோடு வந்து, கைத்தொலைபேசியில் அவள் அடிக்கிறதையெல்லாம் படம் பிடித்தான். வீட்டில் இருவரும் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். முழங்கை உயரவில்லை என்று ஒரு நாள், இடுப்புத் திரும்பவில்லை என்று மறுநாள், மணிக்கட்டு என்று அதற்கடுத்த நாள். மேல் கையால் தள்ளாதே, மட்டையின் அடியைப் பிடித்திருக்கும் கீழ்க் கையை உடம்பை நோக்கி இழு, வேகம் அங்கேதான் இருக்கிறது என்று ஆங்கே பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததையும் செய்து பார்த்தார்கள். ஒரு கிழமை இப்படியே வீணாய்ப் போயிற்று.

எட்டாம் நாள் பிரவீணன் தெரியாத்தனமாகப் படத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டான். கையும் இல்லை, மட்டையும் இல்லை. பந்து படாமல் காக்கும் கம்பிக் கண்ணாடி போட்ட அவளுடைய முகம் மட்டும்தான் விழுந்திருந்தது. அழிக்கப் போனவன் நிறுத்தினான்.

"இஞ்சை வாரும். உம்மடை கண்ணைப் பாரும்."

"என்ன கண்ணுக்கு?"

"பந்துக்கு முதல் கண் போகுது. இடது மேல் மூலையைப் பாக்கிறீர், பந்தும் அங்கைதான் போனது, நான் கண்டனான். பத்து அடியும் அப்பிடித்தான்."

"அடிக்கிற இடத்தை எல்லாரும் பாக்கிறவைதானே?"

"பாக்கிறவை. ஆனா இமையை விரிச்சு, தலையையும் சேத்துச் சாய்ச்சு ஆர் பாக்கினம்? இது உம்மடை அரங்கேற்ற வீடியோவிலை இருக்கிற அதே கண்தானப்பா."

ஹம்மில் சுலோஜனா ரீச்சரிடம் பதினொரு வருடம் பரதநாட்டியம் படித்தவள் தேனுஜா. கை வலப்பக்கம் நீண்டால் கண்ணும் அந்த விரல் நுனிக்குப் போயாக வேண்டும். ஒருத்தியின் கண் சோம்பலாக முன்னால் நின்றுவிட்டால் வரிசை முழுவதும் அந்த அடவை முதலிலிருந்து ஆட வேண்டும். மற்றப் பிள்ளைகளின் சாபத்துக்குப் பயந்தே தேனுஜா கண்ணைக் கையோடு கட்டிவைத்துப் பழகினாள். பதினேழு வயதில் அரங்கேற்றம் நடந்தபோது வந்தவர்கள் எல்லாரும் கண்ணைத்தான் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ் பெற்ற கண்தான் இப்போது எதிரிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த பயிற்சி முடிந்ததும் உடை மாற்றும் அறையில் மேர்லேயிடம் நேராகவே கேட்டாள்.

"தெரியுமே," என்றாள் மேர்லே, காலுறையைக் கழற்றிக்கொண்டு. "போன இலையுதிர் காலத்திலிருந்து தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"நான் கோல்கீப்பர்," என்றாள் மேர்லே. அதற்கு மேல் விளக்கம் தேவை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பழுது அகப்பட்டுவிட்டது. திருத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. மூலையைப் பார்க்காமல் கோல்கீப்பரின் தலைக்கவசத்தையே பார்த்து அடித்தால், தேனுஜாவின் கை செத்துப்போயிற்று. பந்து பூங்காவின் வேலியைத் தாண்டியது, நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு கிழவரிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. பொய்யாக வேறு மூலையைப் பார்த்தால் கையும் அந்த மூலைக்கே போயிற்று. கண்ணும் கையும் அவள் பேச்சைக் கேட்பதாயில்லை. ரப்பர் பந்துக்குப் பதில் ரெனிஸ் பந்தால் அவள் அடிக்க, குளிர்காலச் சட்டையும் சைக்கிள் தலைக்கவசமும் போட்டுக் கோலில் நின்ற பிரவீணனுக்கு ஜூன் மாத வெயிலில் வேர்த்துக் கொட்டியது.

"ஏலாது," என்று மட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "கண்ணைக் கட்டிப்போட்டாத்தான் சரிவரும்."

"கண் கைக்குப் பின்னாலை போகத்தான் வேணுமெண்டால் போகட்டும்," என்றான் பிரவீணன், தலைக்கவசத்தைக் கழற்றி விசிறிக்கொண்டு. "உமக்கு ரெண்டு கை இருக்குத்தானே?"

சொன்னவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தேனுஜா அவனையே பார்த்தபடி இருந்தாள். இவ்வளவு காலமும் அவள் கண், மேல் கையின் பின்னால்தான் போயிருக்கிறது. மேல் கை பந்தை மூலைக்கு அனுப்புகிற கை. கீழ்க் கை அதற்கு எதிராக, உடம்பை நோக்கிக் கீழே வருகிறது. கண்ணை அதன் பின்னால் விட்டால்?

எழும்பிப் போய் அடித்தாள். மூலையை முன்கூட்டியே ஒரு தரம் மனதில் வாங்கிக்கொண்டாள், அடிக்கிற நேரம் கண்ணைக் கீழ்க் கைக்குக் கொடுத்தாள். பந்து வலது மேல் மூலைக்குப் போக, பிரவீணன் அவள் கண் போன இடது கீழ்ப் பக்கம் விழுந்தான். வேகமும் கூடியிருந்தது. கண் போனதும் கீழ்க் கை தானாக இழுத்தது. பதினொரு வருடம் அவள் உடம்புக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கு அதுதான். ஆங்கே பல மாதம் சொல்லியும் ஏறாத பாடம் ஒரு பின்னேரத்தில் ஏறிவிட்டது. தேனுஜா பிரவீணனைப் பூங்காவில் வைத்தே கட்டிப்பிடித்தாள். ஹம்மில் என்றால் அது ஒரு கிழமைக் கதையாகியிருக்கும்.

சனிக்கிழமை யோஹானா முதலில் அடித்தாள். பத்தில் ஆறு. தேனுஜாவுக்கு ஏழு வேண்டும்.

அவளுடைய முதல் நான்கும் உள்ளே போயின. மேர்லே நான்கு தடவையும் கண் போன பக்கம் விழுந்து, வெறும் புல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஐந்தாவது கம்பத்தில் பட்டுத் தெறித்தது, ஆறாவது உள்ளே. ஆங்கே தாளில் கோடு போட்டபோது தேனுஜா வென்றுவிட்டதாகவே நினைத்தாள்.

ஆனால் மேர்லே முட்டாள் இல்லை. ஏழாவதில் தேனுஜாவின் கண்ணுக்கு எதிர்ப்பக்கம் போனாள், பந்து அவள் மட்டைக்குள் வந்து விழுந்தது. எட்டாவதும் அப்படியே. தலைக்கவசத்துக்குள் மேர்லே சிரிப்பது தெரிந்தது. ஒன்பதாவதைத் தேனுஜா தரையில் குத்தி அடித்தாள். அது மேர்லேயின் காலில் பட்டும் உள்ளே உருண்டது அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை. ஆறு.

பத்தாவது பந்தை வலைக்குள் வைத்தபோது தேனுஜாவுக்குப் பயமாக இருந்தது. கண் கீழே போனால் பந்து மேலே என்பது மேர்லேக்கு இப்போது மனப்பாடம். தேனுஜாவிடம் அதைத் தவிர வேறு வித்தையும் இல்லை. மூன்று கிழமையில் ஒன்றைத்தான் படிக்க முடிந்தது. ஆங்கே விசில் ஊதினாள்.

தேனுஜா இரண்டு எட்டு வைத்துக் கையை உயர்த்தினாள். பிறகு கண்ணைப் பிடித்திருந்த பிடியை விட்டாள். அது வலது மேல் மூலைக்குப் போயிற்று. இமை விரிய, தலை சாய, சுலோஜனா ரீச்சரே குறை சொல்ல முடியாதபடி முழுதாகப் போயிற்று. பின்னாலேயே பந்தும் போயிற்று. கண் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிய மேர்லே முழு உடம்போடும் இடது பக்கம் விழுந்தாள்.

"நீ அங்கேதானே பார்த்தாய்!" என்று புல்லில் கிடந்தபடியே கத்தினாள்.

"ஓம்," என்றாள் தேனுஜா. ஜேர்மனில் கேட்டதற்குத் தமிழில் பதில் சொல்கிறோம் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

"ஏழு," என்றாள் ஆங்கே, பதினெட்டாவது பெயரை எழுதிக்கொண்டு.

எல்லாரும் வந்து முதுகில் தட்டினார்கள். யோஹானாவும் வந்து கை கொடுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. பாவம் என்று தோன்ற வேண்டும் என்று தேனுஜா கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். தோன்றவில்லை. சந்தோஷம்தான் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம், அடக்க அடக்கப் பொங்கி வந்தது. அப்போது யோஹானா நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பினாள். தன் கண்ணைப் பார்த்தால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று தேனுஜா சட்டென்று குனிந்து, இறுக்கமாகவே இருந்த சப்பாத்து நூலை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினாள்.