ஒரு மைல் வகுப்பறை

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய நான்காம் மாதத்தில், கடைசி பெஞ்சு கரும்பலகையிலிருந்து நூற்று நாற்பது அடி தள்ளிப் போயிருந்தது. வெளியிலிருந்து அளந்தால் அறையின் நீளம் எப்போதும்போல இருபத்திரண்டு அடிதான். ஆண் பிள்ளைகளின் ஒன்பது பெஞ்சுகளும் போட்டது போட்டபடி இருந்தன. நகர்ந்தது பெண்களின் ஒற்றை பெஞ்சு மட்டும். அதில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மழைக்காலம் முடியும்போது இரண்டு பேர்: நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இஸ்திரிக்காரம்மா மகளும், வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் மகளும்.

பெஞ்சு ஏன் நகர்கிறது என்பதை நெட்டைதான் கண்டுபிடித்தாள். பெஞ்சுக் காலடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் சாயங்காலம் குனிந்து பார்த்தாள். பதில் சொல்லக் கை தூக்கி, வாத்தியார் பார்க்காமல் விட்டால் ஒரு சாண் பின்னால் போனது. கை தூக்காத நாளில் அசையவில்லை. கணக்கு வாத்தியார் கெட்டவர் அல்ல. போர்ஷனை முடிக்க வேண்டும். அவர் கேட்டு முடிப்பதற்குள் முன் பெஞ்சுப் பையன்கள் பதிலைச் சொல்லிவிடுவார்கள். தலையைத் தூக்கிப் பின்னால் பார்க்க அவருக்கு நேரமில்லை. பெண்களிடம் ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுவார், பெரும்பாலும் வகுப்பைப் பெருக்குவதற்கு. நெட்டை இரண்டு வாரம் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். பெஞ்சு நின்ற இடத்தில் நின்றது. அவளும்தான். மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் மறுபடி கையைத் தூக்கினாள்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒரு சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சலவைக் கடையில் காலை ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டே வேலை. வீட்டிலும் நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். அவள் உட்கார்ந்து மகள் பார்த்ததில்லை.

"அந்த ரூமா? அது அப்படித்தான்டி. எங்க காலத்துல இவ்ளோ வேகமாப் போவல, அவ்ளோதான்."

"நீயும் அங்கதான் உக்காந்தியா?"

"எங்க உக்காந்தேன்? பதினேழு பதினேழு எவ்ளோன்னு கேட்டாரு அப்ப இருந்த வாத்தியாரு. எந்திரிச்சு சொன்னேன். காதுல விழல போல, அடுத்த கணக்குக்குப் போயிட்டாரு. உக்காருன்னு சொல்லல. அந்த வருசத்தோட நின்னுட்டேன்." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "நான் சொன்னது இன்னும் போய்ச் சேரலன்னு நெனக்கிறேன்."

சலவைக் கடை முதலாளி சிரித்தார். பக்கத்தில் இன்னொரு மேஜை காலியாகக் கிடப்பதைக் காட்டி, "பத்தாவதுல கோட்டை விட்டா பொண்ணுக்கு இது இருக்கு, கவலைப்படாதம்மா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்மா அந்த மேஜைமேல் துணி மூட்டை ஒன்றை எடுத்து வைத்தாள்.

பத்தாம் வகுப்புக்கு அவர்கள் போனபோது பெஞ்சும் கூடவே வந்தது. இப்போது ஒரு கை தூக்கலுக்கு ஆறடி, ஏழடி போனது. அரையாண்டுக்குள் முக்கால் மைல். கரும்பலகை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. வகுப்பில் யாரோ சொன்ன நகைச்சுவைக்கு எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு கடைசி பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். இடைவேளை மணி கேட்டு வாசலுக்கு நடந்தால், பாதி வழியில் அடுத்த மணி அடித்துவிடும். நடந்து சேர்ந்தாலும் பயனில்லை. பெண்கள் கழிப்பறையின் சாவி தலைமையாசிரியர் மேஜை டிராயரில் இருந்தது, ஆய்வாளர் வரும் நாளுக்காக. ஆய்வாளர் ஒருமுறை வந்தார். அறையை வெளியிலிருந்து டேப் பிடித்து அளந்து, குறை ஏதுமில்லை என்று எழுதினார். அன்று கழிப்பறை திறந்திருந்தது. பெண்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபோது அவர் ஜீப் ஏறியிருந்தார், கதவும் பூட்டியிருந்தது.

வாட்ச் கடைக்காரர் மகள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். ஒரு நாள் வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் மயங்கி விழுந்தாள். நெட்டை அவளைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் பள்ளி விட்டிருந்தது. அவள் அப்பா அத்தோடு அனுப்பவில்லை. விடைபெற வந்தபோது, விநாடி முள் ஓடும் ஒரு பழைய கைக்கடிகாரத்தை நெட்டையிடம் கொடுத்தாள். "அப்பா சரி பண்ணது. வார் மட்டும் இல்ல. தனியா இருப்பியேன்னுதான்" என்றாள். அவளுடைய 'உள்ளேன் ஐயா' மட்டும் அவள் போன பிறகும் மூன்று நாள் வகுப்பில் கேட்டது. பழக்க தோஷத்தில் வாத்தியார் வருகையும் போட்டார்.

நெட்டைக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயர் அவளுடையது. வாத்தியார் கூப்பிட்டது அவளுக்கு வந்து சேர்ந்து, அவள் சொன்னது அவரிடம் போய்ச் சேர்வதற்குள் நோட்டை மூடியிருப்பார். தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாப்பத்தோரு நாள் ஆப்சென்ட். இன்னும் ஒரு நாள் போனாலும் ஹால் டிக்கெட் கிடையாது, தெரியும்ல?"

"டெய்லி வந்தேன் சார்."

"நோட்டுல இல்லையேம்மா."

நோட்டில் இல்லைதான். அவள் மறுபடி ஒரு மைல் நடந்து தன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் மூன்று பேர் அகலத்துக்குக் காலியாக இருந்தது. கடிகாரத்தை எடுத்து அங்கே வைத்தாள். தூரத்தில் வாத்தியார் டஸ்டரை மேஜையில் தட்டுவது தெரிந்தது. சத்தம் வர நாலே முக்கால் விநாடி ஆனது. போக ஒரு நாலே முக்கால், வர ஒரு நாலே முக்கால். ஒரு பெயரைக் கூப்பிட்டு டிக் அடிக்க அவருக்கு மூன்று விநாடி. தனக்கு மூன்று பெயர் முன்னால் இருப்பவன் யார் என்று பார்த்தாள். ஒரு மரக்கடைக்காரர் மகன். மறுநாள் காலை அவன் பெயர் காதில் விழுந்ததும், தன் பெயரை யாரும் கூப்பிடுமுன்பே வகுப்பறையின் கோடியில் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றாள். பிறகு காத்திருந்தாள். வாத்தியார் அவள் பெயரைச் சொன்னது வந்தது. அடுத்து நோட்டை மூடும் சத்தம் வரவில்லை, பேனா காகிதத்தில் உரசுவது வந்தது. அவ்வளவு தூரத்திலும் அது கேட்டது.

அதிலிருந்து தினமும் வந்தவுடன் புதிதாக ஒரு கோடு போட்டுத் தூரத்தை அளந்தாள், விநாடியைக் கூட்டினாள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பிறகு பதில்களுக்கும் அதையே செய்தாள். கேள்வி வருவதற்கு முன்பே பதிலை அனுப்ப வேண்டும் என்றால், கேள்வி என்னவென்று முன்பே தெரிய வேண்டும். புத்தகத்தை வாத்தியாருக்கு மூன்று பாடம் முன்னால் தனியாகப் போட்டு முடித்தாள். சொல்லித்தர யாருமில்லை, தப்பைப் பார்த்துச் சிரிக்கவும் யாருமில்லை. ஒரு புதன்கிழமை, கூம்பின் கன அளவு என்ன என்று வாத்தியார் கேட்டு வாயை மூடுவதற்கும், பின்னாலிருந்து சரியான விடை வருவதற்கும் இடையில் இம்மியும் இல்லை. முன் பெஞ்சுக்காரன் வாயைத் திறந்தபடி இருந்தான். வாத்தியார் நெற்றியில் கையை வைத்து, வெயிலில் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"யாரு அது?"

"நான்தான் சார்" என்று உடனே வந்தது. இதைக் கேட்பார் என்றும் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

அன்று பெஞ்சு நகரவில்லை. முன்னாலும் வரவில்லை. நீண்டது நீண்டதுதான். ஆனால் வாத்தியார் ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பத்து விநாடி காதில் கைவைத்துக் காத்திருக்கப் பழகினார். அந்தப் பத்து விநாடி பையன்களுக்குப் பெரிய இம்சையாக இருந்தது. பழைய வழக்கம் விடாமல் நெட்டை பொதுத்தேர்வில் வினாத்தாள் கொடுப்பதற்கு முன்பே மூன்று விடைகளை எழுதிவிட்டாள். கண்காணிப்பாளர் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வரிசை எண் மட்டும் போடச் சொன்னார். தேறினாள். வேறு ஊரில் விடுதியில் தங்கி மேலே படிக்கப் போனாள். போகுமுன் தரையில் தன் பழைய கோடுகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை விநாடி முன்னால் பேச வேண்டும் என்று எழுதி வைத்தாள். அந்தப் பள்ளியில் இன்றும் பெண்கள் பெயர் கூப்பிடுமுன்பே வருகை சொல்கிறார்கள். புதிதாக வரும் ஆசிரியர்கள் ஒரு வாரம் திமிர் என்பார்கள், பிறகு பழகிவிடும்.

அம்மா தனியாக இருந்தாள். மகளின் கடிதங்களை நின்றபடி படித்தாள். பக்கத்து மேஜையில் துணி மூட்டைதான் இருந்தது. மூன்றாம் வருடம் ஒரு காலை, கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு சிறுமியின் குரல், "இருநூத்தி எண்பத்தொம்பது சார்" என்றது. அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை. கடைசி பெஞ்சுப் பெண்கள் தாங்கள் இல்லை என்றார்கள், தங்களுக்கும் வெகு பின்னாலிருந்து வந்தது என்றார்கள். வாத்தியார் கொஞ்ச நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டு யோசித்தார்.

"பதினேழு பதினேழு. சரிதான். உக்காரும்மா" என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினார்.

அந்த வார்த்தை போய்ச் சேர எத்தனை நாள் பிடித்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. மாசக் கடைசியில் ஒரு முற்பகல், இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், மூட்டைக்குப் பின்னாலிருந்து ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டாள், உட்கார்ந்தாள். பாதி தேய்த்த சட்டை மேஜையில் கிடந்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் முதலாளி.

"இல்லண்ணே. உக்காரச் சொல்லிட்டாங்க."

சரி என்று அவர் மீதிச் சட்டையைத் தேய்த்தார்.