தொப்பிக்குக் காலை மாத்திரை

மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இல்லை. சாமிப் படத்துக்குக் கீழே இருந்த பலகையிலும் இல்லை. ஆதிநாராயணன் அடுப்படியில் குந்தி உட்கார்ந்து, மனோரமா அடுக்கி வைத்திருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பந்தலுக்கடியில் ஐஸ் பெட்டிக்குள் மனோரமா படுத்திருந்தாள். மேளக்காரர்கள் வந்து, தெருமுனையில் ஓலையைக் கொளுத்தித் தோலைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நைனா, சனங்கல்லாம் வந்துனு இருக்காங்க. நீ இங்க இன்னா தேடுறே?"

மகள் பூவிழி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவெல்லாம் அழுததில் அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

"தொப்பி மாத்திரை. எங்கதான் வெச்சிருக்கா உங்கம்மா?"

பூவிழி உள்ளே வந்து, ஃபிரிட்ஜின் மேலிருந்த பிளாஸ்டிக் கூடையை இறக்கி, அதிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"நேத்து சாயங்காலம் யாராவது குடுத்தாங்களா?"

"யாரு குடுப்பா?" என்றார் அவர்.

முந்தைய நாள் மதியம் கருவாட்டுக் களத்தில் குனிந்து மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த மனோரமா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். "ஒன்னுமில்லக்கா, கொஞ்சம் தண்ணி குடு" என்று பக்கத்து வீட்டு லோகாம்பாளிடம் கேட்டதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஆட்டோவில் மூச்சு நின்றுவிட்டது. அவளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அந்தக் கூச்சலில் நாய் தொப்பியின் மாத்திரை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஆனால் அந்த மாத்திரை தவறக்கூடாது. அது மட்டும் ஆதிநாராயணனுக்குத் தெரியும். உடம்புக்கு முடியாமல் கிடந்த நாட்களிலும் அவள் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வருவதை அவர் பாயில் படுத்தபடி பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி. ஒரு நாளும் அவர் கையால் கொடுத்ததில்லை.

மனோரமாவுக்கு நாய்ப் பழக்கம் வந்ததே தற்செயலாகத்தான். சில வருடங்களுக்கு முன்னால் லைட்ஹவுஸ் குப்பத்துத் தெருநாய் ஒன்று இரையோடு சேர்த்துத் தூண்டில் முள்ளையும் விழுங்கிவிட்டு, வாயில் ரத்தம் ஒழுகத் திரிந்தது. எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். அவள் மட்டும் அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோக்காரனிடம் சண்டை போட்டு ஏறி, காட்டூர்ப் பக்கம் மேரி என்கிற பெண் நடத்திவந்த விலங்குகள் காப்பகத்துக்குப் போனாள். முள்ளை எடுக்கும்வரை அங்கே காத்திருக்க வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க அவளால் ஆகாது. கழுவாமல் கிடந்த சோற்றுப் பாத்திரங்களைப் பார்த்தாள், கழுவிப் போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி மீன் தலையோடு போனாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளை வீட்டில் பார்க்க முடியாது. கூண்டு கழுவுவாள், சோறு பொங்குவாள், புண்ணுக்கு மருந்து போடுவாள். யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

தொப்பி அங்கிருந்து வந்த நாய்தான். வெள்ளை உடம்பு, உச்சந்தலையில் மட்டும் கறுப்பு. வலிப்பு நோய் இருந்ததால் யாரும் எடுத்துப்போகவில்லை. ஆதிநாராயணனிடம் கேட்டபோது, "உனுக்கு வேற வேலை இல்லியா" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே போதும் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்த புதிதில் தொப்பி லோகாம்பாளின் கருவாட்டில் வாய் வைத்துவிட்டது. தெருவே கூடும்படி லோகாம்பாள் கத்தினாள். மனோரமா பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. தன் களத்திலிருந்து அதே அளவு கருவாட்டை அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாளிலிருந்து கயிறு இல்லாமல் தொப்பி வாசலைத் தாண்டியதில்லை. காலையில் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போவாள், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். நாய் வெளிக்கிருந்த இடத்தில் குனிந்து அள்ளிக்கொண்டு வருவாள். வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். ஆதிநாராயணனுக்கு மானம் போகும்.

"நாய்ப்பீய அள்ளினு வரியே, ஊரே சிரிக்குது."

"கொழந்தைங்க வெளையாடுற மணலு. நாய் நம்முளுதுன்னா அதுவும் நம்முளுதுதான?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வலைப் பக்கம் போய்விடுவார்.

இப்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அடுப்பைப் பார்த்தார். வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். சாவு வீட்டில் உடம்பை எடுக்கும்வரை அடுப்பு மூட்ட முடியாது. நேற்றைய சோறு பானையில் புளித்துக் கிடந்தது.

பின்பக்கக் கதவு திறந்தது. லோகாம்பாள் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். யாருக்கோ காப்பி என்று நினைத்தார்.

"நாய்க்கு" என்று அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "சூடு ஆறிடுச்சு. முள்ளெல்லாம் எடுத்துட்டேன். உப்பு போடல. அவ போட மாட்டா."

ஆதிநாராயணன் மூடியைத் திறந்தார். குழைந்த சோறும் பிசைந்த மீனும். நன்றி என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"சோறு வடிக்கறப்பல்லாம் வேலிக்கு இந்தாண்ட நின்னு பேசினே இருப்பா" என்றாள் லோகாம்பாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

தொப்பி ஐஸ் பெட்டிக்குக் கீழே படுத்திருந்தது. இரவு முழுவதும் அங்கேதான். கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. அவர் சோற்றில் மாத்திரையைப் புதைத்து முன்னால் வைத்தார். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மாமா, நாய அப்பால கட்டுங்களேன்." மனோரமாவின் தம்பி உலகநாதன் பக்கத்தில் வந்து சொன்னான். காரியங்களை எல்லாம் அவன்தான் ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாலை போட வர்றவங்க பயப்படுறாங்க."

"இருக்கட்டும் மச்சான். அது பாட்டுக்கு ஒரு ஓரமா கெடக்குது."

மேளம் தொடங்கியது. நான்கைந்து அடி விழுந்திருக்கும். பெட்டிக்கடியில் ஏதோ தகரத்தில் மோதுகிற சத்தம் கேட்டது. தொப்பியின் கால்கள் விறைத்து நீண்டன. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது.

"வெறி புடிச்சிருச்சு" என்று ஒருவர் சொல்ல, உட்கார்ந்திருந்த பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. உலகநாதன் கூரையில் செருகியிருந்த துடுப்பை உருவிக்கொண்டு வந்தான்.

ஆதிநாராயணன் குறுக்கே போய் நின்றார்.

"வெறி இல்ல. வலிப்பு. வெறிநாய் ஊசியெல்லாம் வருசம் தவறாம போட்டு வெச்சிருக்கா உங்கக்கா."

உலகநாதன் துடுப்பை ஓங்கியபடியே நின்றான். உங்கக்கா என்ற வார்த்தை அவன் கையை மெல்ல இறக்கியது.

"மேளத்த நிறுத்துங்கப்பா" என்றார் ஆதிநாராயணன்.

மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாவு வீட்டில் நாய்க்காக மேளத்தை நிறுத்தச் சொன்னதாக அவர்கள் கேள்விப்பட்டதில்லை. பெரியவர் ஒருவர், "இன்னா ஆதி, தெரிஞ்சிதான் சொல்றியா" என்றார். ஆதிநாராயணன் மேளக்காரர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மேளம் நின்றது.

அவள் செய்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறார். டிவியை அணைப்பாள், விளக்கை அணைப்பாள். வாயில் கை வைக்க மாட்டாள், அழுத்திப் பிடிக்க மாட்டாள். இடிபடாமல் சுற்றிலும் இருப்பதை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவர் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். பெட்டியின் இரும்புக் காலுக்கு முன்னால் தோள் துண்டை மடித்து வைத்தார். மணலில் உட்கார்ந்தார். என்ன சொல்லுவாள் அவள்? ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"ஆயிடும், ஆயிடும்" என்றார்.

கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. சாவு என்பதால் குப்பத்தில் அன்று யாரும் தொழிலுக்குப் போகவில்லை. படகுகள் எல்லாம் கரையில் வரிசையாகக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் இழுப்பு தளர்ந்தது. தொப்பி மூச்சு வாங்கியபடி தலையைத் தூக்கிப் பார்த்தது. அவரைத்தான் பார்க்கிறதா, வேறு எதையாவதா என்று தெரியவில்லை.

மேரி வந்தது அப்போதுதான். காப்பக வண்டி தெருமுனையில் நின்றது. அவள் கையில் மாலையும் தோளில் ஒரு பையும் இருந்தன. மாலையைச் சாத்திவிட்டுப் பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். திரும்பியபோது மணலில் உட்கார்ந்திருந்தவரையும் நாயையும் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து முட்டி போட்டாள்.

"மாத்திரை உள்ள போகலியாண்ணே?"

"நேத்தும் போகல. சோத்துல வெச்சா தின்ன மாட்டேங்குது."

மேரி தொப்பியின் கண்ணையும் ஈறையும் பார்த்தாள். "தெளிஞ்சு எழட்டும், அப்புறம் குடுக்கலாம். உடனே சோறு வெச்சா போதும்" என்றாள். சற்றுத் தயங்கிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அண்ணே, அக்கா எங்கிட்ட ஒன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. நாய் எடுத்துனு போறவங்க எல்லாரையும் நாங்க கேக்கறதுதான். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பாத்துப்பாங்கன்னு. அதுக்கு அக்கா, 'நீங்களே திரும்பி எடுத்துக்கோங்க, அவரு கடலுக்குப் போறவரு, அவருக்குப் பாரம் வோணாம்'னாங்க. அதுக்குத்தான் வண்டில வந்தேன்."

ஆதிநாராயணன் பெட்டியைப் பார்த்தார். மூக்கில் பஞ்சும் நெற்றியில் காசுமாக அவள் முகம் கண்ணாடிக்குள் தெரிந்தது. என்னால் முடியாது என்றே முடிவு கட்டிவிட்டாளா என்று முதலில் சுருக்கென்றது. அவள் நினைத்ததில் தப்பும் இல்லை. கடலிலிருந்து வந்தால் குளிக்க வெந்நீர், தின்னச் சோறு, படுக்கப் பாய். அவர் கைக்கு எல்லாம் தானாக வந்து சேரும். அவருடைய தோளில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்று இத்தனை வருடமும் அவள்தான் பார்த்துப் பார்த்துச் செய்தாள். செத்த பிறகும் அந்த வேலையை அவள் விடவில்லை.

தொப்பி எழுந்து நின்று தள்ளாடியது. பிறகு நேராக நின்றது.

"எப்படிக் குடுக்கறதுன்னு காட்டும்மா" என்று சோற்றுக்குள் புதைத்திருந்த மாத்திரையை எடுத்தார்.

மேரி அவர் கையை நாயின் வாய்க்குக் கொண்டுபோனாள். "இந்தக் கையால மேல் தாடைய புடிங்க. பல்லுக்குப் பின்னால. ஆங், அப்படித்தான். நாக்குக்கு அடில இல்ல, மேல, நல்லா உள்ள தள்ளி வைங்க. இப்ப வாயை மூடி, தொண்டைய கீழ்ப்பக்கமா தடவுங்க."

வலைக்கயிறு அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். அவற்றை அந்த ஈர வாய்க்குள் விட்டார். முதல் தடவை மாத்திரை மணலில் வந்து விழுந்தது. இரண்டாவது தடவை அவர் தொண்டையைத் தடவியபோது உள்ளே ஏதோ இறங்குவது விரலில் தெரிந்தது. தொப்பி நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது. உலகநாதன் துடுப்பை எங்கோ வைத்துவிட்டு, தூக்குப் பாத்திரத்தை நாய்க்கு அருகில் தள்ளி வைத்தான். தொப்பி முகர்ந்தது. பிறகு தின்னத் தொடங்கியது.

"இங்கியே இருக்கட்டும்" என்றார் ஆதிநாராயணன் மேரியிடம். "அவ எனக்குப் பாரம் வோணாம்னு சொன்னா. சரி. நான் அதுக்குப் பாரமா இல்லாம பாத்துக்கறேன்."

மேரி தலையை ஆட்டினாள். "நான் கடலுக்குப் போற நாளுல?" என்று அவரே கேட்டார்.

"நான் இல்ல?" என்று பின்னாலிருந்து லோகாம்பாளின் குரல் வந்தது.

மேரி எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். ஆதிநாராயணன் மேளக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தார். மேளம் மறுபடி எழுந்தது, கொஞ்சம் தள்ளி, தெருமுனையிலிருந்து. வெயில் ஏறுவதற்குள் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். பூவிழி தொப்பியின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். பாடை லைட்ஹவுஸைத் தாண்டித் திரும்பும்வரை நாய் ஒரு சத்தமும் போடவில்லை.

கருமாதி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆதிநாராயணன் காட்டூருக்குப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வரப்பில் நடந்து போகும்போது, எதற்காகப் போகிறோம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார். யாரும் கேட்கவில்லை. மேரி தண்ணீர்க் குழாயை அவர் கையில் கொடுத்து, எந்த வரிசையிலிருந்து தொடங்க வேண்டும் என்று மட்டும் காட்டினாள்.

நாய்கள் குலைத்தன. அவர் தரையைப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டே போனார். லுங்கி முட்டிவரை நனைந்தது. கடைசிக் கூண்டில் ஒரு கிழட்டு நாய், பழுப்பு நிறம், முன்னங்கால் ஒன்று இல்லை. அது மட்டும் குலைக்கவில்லை. மெதுவாக எழுந்து நொண்டிக்கொண்டு கதவுக்கு வந்தது. கம்பி வழியாக மூக்கை நீட்டி அவருடைய கையை முகர்ந்தது, லுங்கியை முகர்ந்தது. வால் ஆடத் தொடங்கியது. பிறகு அவருக்குப் பின்னால் இன்னொருத்தி வர வேண்டும் என்பதுபோல, அவர் வந்த பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவர் குழாயை மடித்துப் பிடித்துத் தண்ணீரை நிறுத்தினார். நாய்க்குப் பாதை நன்றாகத் தெரியும்படி ஓர் அடி விலகி நின்றுகொண்டார்.