கொம்பையா போட்ட குளத்து வரைபடம்

பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கொம்பையா, கொற்கைப் பக்கத்து விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். ஊர்க் குளத்தில் நிற்கும் தண்ணீரின் ஆழத்தை இருபத்தேழு வருசமாக மாதம் தவறாமல் நோட்டில் குறித்து வருபவர். குளத்தைத் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுக்க, அந்த அளவுகளை வரைபடமாகக் காட்ட வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது.

"டவுன்ல கடையில குடுத்தா அரை நாள்ல போட்டுத் தருவான் அண்ணாச்சி" என்றான் இசக்கி.

"எங்க அய்யா காலத்துல இருந்து குளத்து அளவு எங்க வீட்டுக் கையெழுத்துலதான் இருக்கு. வெளியாள் கையில குடுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை நானே கம்ப்யூட்டர்ல போட்டுக் கொண்டாரேன்."

"நீங்களா? விரலு சுளுக்கிரப் போவுது!"

கூட்டம் சிரித்தது. கொம்பையா சிரிக்கவில்லை. சபையில் சொன்னதைச் செய்யாதவர் என்ற பேர் அவர் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

மகன் விட்டுப்போன மடிக்கணினியில் பைத்தான் என்னும் நிரல்மொழி இருந்தது. திங்கட்கிழமை, இணையத்தில் ஒரு வழிகாட்டிப் பக்கத்தைப் பார்த்து, வரைபடம் போடுவதற்கான நூலகத் தொகுப்பை நிறுவினார். நூலகம் என்றால் யாரோ எழுதி வைத்த நிரல்கள். பேர் சொல்லி அழைத்தால் வந்து வேலை செய்யும். அட்டவணையைப் படிக்க ஒன்று, கணக்குப் போட ஒன்று, படம் வரைய ஒன்று. வழிகாட்டியில் இருந்த நாலு வரியைத் தட்டியதும் திரையில் ஒரு கோடு வளைந்து ஏறியது. மனைவி தனலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. குளம் எங்க?"

அடுத்த இரண்டு நாளும் நோட்டில் உள்ளதையெல்லாம் ஏற்றினார். வியாழனன்று தன் நிரலைத் தனிக் கோப்பாக எழுதி, அதற்குப் படம் வரையும் நூலகத்தின் பேரையே வைத்தார். முதல் பேரன் தாத்தா பேரைச் சுமப்பது அவர் வீட்டு முறை. எதை நம்பிப் பிறந்ததோ அதன் பேரை வைப்பதுதானே மரியாதை?

ஓட்டினால் பிழை. அந்த நூலகத்தில் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கணினி. திங்கட்கிழமை இருந்தது வியாழக்கிழமை எங்கே போகும்? மூன்று தடவை அழித்து மறுபடி நிறுவினார். சனிக்கிழமை மதியமும் அதே பிழை.

தச்சநல்லூரில் இருக்கும் சம்பந்தி சுடலைமணி கணக்கு வாத்தியாராக இருந்தவர், பைத்தான் அத்துப்படி. ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர், மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய் எனக்குத் தெரியவில்லை என்று நிற்பதா? மூன்று மணி வரைக்கும் கொம்பையா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்தார்.

எல்லாவற்றையும் கேட்ட சுடலைமணி ஒரே கேள்விதான் கேட்டார். "ஃபைலுக்கு என்ன பேரு வச்சீக, சம்பந்தி?"

சொன்னார்.

"உங்க மகன் வீட்டுப் பேரனுக்கும் கொம்பையான்னுதானே பேரு? வாசல்ல நின்னு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா யாரு வருவா?"

"பக்கத்துல நிக்கவன் வருவான்."

"இங்கயும் அதான் நடக்கு. நூலகத்தைக் கூப்பிடுதீக, பக்கத்துல கிடக்க உங்க ஃபைலே வந்து நிக்கி. பேரை மாத்துங்க."

மாற்றினார். இருபத்தேழு வருசக் குளமும் திரையில் ஏறி இறங்கியது.

"நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிக்கிட வேண்டாம்" என்று சம்பந்தி பெருந்தன்மையாகச் சொன்னார். கொம்பையாவுக்கு அதுதான் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை படத்தை மேசையில் விரித்தார்.

"எந்தக் கடை அண்ணாச்சி?" என்றான் இசக்கி.

"போட்டது நான். முட்டிக்கிட்டு நின்ன இடத்துல வழி சொன்னது எங்க சம்பந்தி. இத மனுவுலயும் எழுதிக்கிடுங்க, வே."

யாரும் சிரிக்கவில்லை. இசக்கி மட்டும் குனிந்து, கோடு வருசத்துக்கு வருசம் தாழ்ந்துகொண்டே போவதை விரலால் தடவிப் பார்த்தான். "இம்புட்டு மண்ணா அடிச்சுக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டு, மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டான்.