சைவ மீன்கள்

என் மருமகன் கொலின்ஸ் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. தகப்பன் பஸ்தியாம்பிள்ளை இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடு. என் வீட்டிலோ, என் கணவர் கண்மூடிய நாளில் இருந்து மீன் இறைச்சி என்று ஒரு மச்சமும் படலைக்குள் வந்ததில்லை. என் மகளைக் கட்டி, கண்டாவளையில் என்னோடு இருக்க வந்த இரண்டு வருசத்தில் அந்தப் பிள்ளை ஒருநாளும் முகம் சுழித்ததில்லை. பரந்தனில் வேலை செய்யும் இடத்தில் மத்தியானம் மீன் சாப்பிட்டால்கூட வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அதை நான் பெரிய மனசு என்று எண்ணவில்லை. மருமகன் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

போன வருச மாசியில் ஒருநாள் சிரித்துக்கொண்டு கேட்டார்.

"மாமி, தின்னத்தான் ஏலாது. பாக்கிறதுக்காவது வீட்டில நாலு மீன் வைப்பமோ?"

எனக்கும் சிரிப்பு வந்தது. "வைக்கலாம் தம்பி. ஆனா சைவ மீனாப் பாத்து வாங்கவேணும்" என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னேன்.

பரந்தனில் மயில்வாகனத்தின் மீன்தொட்டிக் கடைக்கு மூன்று பேரும் போனோம். கொலின்ஸுக்கு ஏஞ்சல் மீனில் கண். ஒரு ரூபாய்க் குற்றியளவு குஞ்சுகள், வெள்ளி நிறம், செட்டை நீளம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. அதோடு மொல்லி மீனும் விடலாம், எங்கள் கிணற்றுக் கல்லுத்தண்ணிக்கு மொல்லி நன்றாக இருக்கும் என்று மயில்வாகனம் சொன்னார். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல எது எதோடு சேரும், எது எதைக் கடிக்கும் என்று மனுசன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் கப்பி மீனைக் காட்டினேன். எங்கள் பிள்ளையார் கோயில் கிணற்றில் நுளம்பு பெருகாமல் இருக்கச் சுகாதாரப் பகுதியினர் விட்ட மீன் அது. கோயில் கிணற்றில் இருக்கிற மீன் சைவம் இல்லாமல் வேறென்ன?

"அக்கா, அது நுளம்புப் புழு தின்னிற மீன்" என்று மயில்வாகனம் சிரித்தார். "ஏஞ்சலோட விட்டால் இப்ப ஒண்டும் செய்யாது. ஆறேழு மாசத்தில ஏஞ்சல் உள்ளங்கையளவு வந்திடும். பிறகு இதுகளை விழுங்கும். ரெண்டும் சேராது."

"வேண்டாம் மாமி" என்று கொலின்ஸும் சொன்னார். நான் விடவில்லை. கப்பி இல்லாவிட்டால் தொட்டியே வேண்டாம் என்றேன். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்.

"சரி, வாங்குவம். வயிறு காயாமல் சாப்பாடு போட்டால் பிடிக்காது. நான் பாத்துக்கொள்ளுறன்."

சொன்னபடி பார்த்துக்கொண்டார். காலையும் மாலையும் தவறாமல் சாப்பாடு. பத்துக் கப்பியும் வாலை விசிறிக்கொண்டு திரிந்தன. அவற்றைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிப்பது எனக்கே பழக்கமாகிவிட்டது. வைகாசி முடிவில் மகள் யதுர்ஷிகாவுக்கு வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. எனக்கு அவள் ஒரே பிள்ளை. தலைப்பேறு தாய்வீட்டில்தான். வெந்நீர் வார்ப்பதும் பத்தியம் வைப்பதும் என் கையால்தான். வேறு எதற்காக நான் உயிரோடு இருக்கிறேன்?

ஐப்பசியில் கந்தசஷ்டி தொடங்கிய அன்றே கொலின்ஸுக்கு வவுனியாவில் ஐந்து நாள் பயிற்சி. போகும்போது மீன் சாப்பாட்டுப் பேணியை என் கையில் தந்தார்.

"காலமை ரெண்டு சிட்டிகை, பின்னேரம் ரெண்டு சிட்டிகை. மறந்து போடாதேங்கோ மாமி. ஏஞ்சல் வளர்ந்திட்டுது."

அவர் போன பிறகு பேணியைத் திறந்தேன். கருவாட்டு நாற்றம் முகத்தில் அடித்தது. சஷ்டி விரதக்காரி நான், ஆறு நாளும் பாலும் பழமும்தான். இந்தக் கையால் கருவாட்டுத் தூளை அள்ளிப் போட்டுவிட்டு முருகனுக்கு விளக்கு ஏற்றுவதா? பேணியைக் கொண்டுபோய்க் கிணற்றடி மோட்டர்க் கொட்டிலில் வைத்தேன். மீன்களுக்குச் சோற்றுப் பருக்கை போட்டேன். ஆறு நாள் அவையும் விரதம் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் யதுர்ஷிகா, "அம்மா, கப்பி குறைஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றாள். செடிக்குள் ஒளிந்திருக்கும் என்று சொன்னேன். நான்காம் நாள் விடிய விளக்கு ஏற்ற வந்தபோது, பெரிய ஏஞ்சலின் வாயில் ஒரு சிவப்பு வால் துடிப்பதைக் கண்டேன். என் வீட்டில், விரத நாளில், சாமி அறைக்கு நேரே. அப்போதாவது பேணியை எடுத்து வந்திருக்கலாம். எடுக்கவில்லை. கண்டதை மகளிடம் சொல்லவும் இல்லை.

ஆறாம் நாள் சூரன்போர் பார்த்துவிட்டுக் கோயிலால் வந்தபோது கொலின்ஸ் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். ஒரு கப்பியும் இல்லை. மொல்லி இரண்டுக்கு வால் கிழிந்திருந்தது.

"சாப்பாடு போட்டனீங்களோ மாமி?"

"போட்டனான்" என்றேன்.

தண்ணி இறைக்கப் போன யதுர்ஷிகா அந்த நேரம் பார்த்துப் பேணியோடு திரும்பி வந்தாள். "இது ஏன் அம்மா மோட்டர்க் கொட்டிலுக்குள்ள? நிறையக் கிடக்கு."

பொய் பிடிபட்டால் மனிசர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் திறந்தேன். ஆறு நாள் பட்டினி, தலைச்சுற்று, எதையாவது சாட்டாகச் சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் அன்றைக்குப் பிறந்ததில்லை. கலியாணப் பேச்சு நடந்த நாளில் இருந்தே உள்ளே கிடந்தது.

"கொல்லுறதையே தொழிலாச் செய்யிற ஆக்கள் கொண்டுவந்த மீன், வேறென்ன செய்யும்?"

கொலின்ஸ் பேணியை வாங்கி, இருந்த மீன்களுக்குச் சாப்பாடு போட்டார். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். எனக்குக் கருவாடு மணக்கும் என்று அந்த நேரத்திலும் கழுவினார்.

யதுர்ஷிகா விடிய உடுப்பு அடுக்கினாள். "நான் பிள்ளையை முல்லைத்தீவில பெறுறன்" என்றாள். அழுதேன், கத்தினேன், வயிற்றுப்பிள்ளைக்காரி பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்றேன். கொலின்ஸே மறித்துப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. இருவரும் முல்லைத்தீவு பஸ் ஏறினார்கள்.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. பத்தாம் நாள் பஸ் ஏறிப் போனேன். எப்படியும் கூட்டிக்கொண்டு வருவேன் என்று தொட்டில்கூட வாங்கி வைத்துவிட்டுத்தான் போனேன். குழந்தைக்கு என் கணவரின் நெற்றி. மடியில் வைத்திருந்தபோது நெஞ்சு நிறைந்தது.

சாப்பாட்டு நேரம் சம்பந்தி சுசிலா எனக்கு வேறாகப் பரிமாறினா. "இந்தச் சட்டியில மச்சம் படேல்ல. நீங்கள் வாறியள் எண்டதும் கொலின்ஸ்தான் புதுசா வாங்கி வந்தவன்" என்றா. பக்கத்தில் என் மகள் பால் சுரக்கச் சுறாக்கறியோடு சோறு தின்றாள். அவா ஆக்கிய கறி. நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

"முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிவுக்கு வீட்ட வா பிள்ளை" என்றேன் மகளிடம்.

யதுர்ஷிகா குழந்தையை வாங்கித் தோளில் போட்டாள். "இவள் வளர்ந்து, அப்பாவின்ர ஆக்கள் ஆர் எண்டு உங்களிட்டக் கேட்டால் என்ன சொல்லுவீங்கள், அம்மா?"

"விடும் யது" என்றார் கொலின்ஸ், வாசலில் நின்று.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினேன். கொலின்ஸ்தான் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை வந்தார். ஏறி இருந்ததும் யன்னலால் கையை நீட்டி அவர் கையைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் பிடித்தேன். வாய் வரவில்லை. அவர் கையை இழுக்கவில்லை, நான் சொல்லுவேன் என்று பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் வெளிக்கிட்டது. நான்தான் விட வேண்டி வந்தது.