எட்டாம் தேதி ரிப்போர்ட்

பெங்களூரில் ஒரே கல்லூரியில் பதினான்கு வருடம் பெண்கள் வாலிபால் அணிக்குக் கோச்சாக இருந்தவள் மரகதம். அவள் கையில் ஆட்டம் பழகிய பெண்கள் ரயில்வேயிலும் போலீசிலும் வேலையில் இருந்தார்கள். நாலு பேர் இந்திய அணியின் சட்டையே போட்டார்கள். ஆனால் தேசிய அணி வெளிநாட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் கோச் என்று ஓர் ஆண் போவார். மரகதம் மேனேஜர் என்று கூடப் போவாள். மேனேஜர் என்றால் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பது, யாருக்கு வயிற்று வலி என்று விசாரிப்பது, விடுதி அறையில் ரைஸ் குக்கர் வைத்துச் சோறு பொங்குவது. ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தம் ஓயாத தெருவில், மாநகராட்சிக்குத் தெரு பெருக்கியவளின் மகளாகப் பிறந்தவளுக்கு இதுவே அதிகம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். மரகதம் அப்படி நினைக்கவில்லை.

அந்த வருடம் வாலிபால் சம்மேளனச் செயலாளர் கிளிஃபர்ட் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "யூனிவர்சிட்டி கப்பை இந்தத் தடவை அடிச்சுட்டு வாங்க மேடம். நேஷனல் கோச்சுக்கு உங்க பேரை நானே வெக்கறேன். ஒருத்தனும் வாய் திறக்க முடியாது."

கப்பை அடிக்க அவளிடம் ஒரு பெண் இருந்தாள். தாரணி. பத்தொன்பது வயது, ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அத்திபெலேயில் அரசுப் பள்ளி மைதானத்தில் அவளைப் பார்த்த அன்றே மரகதம் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா சின்னப்பா மினி லாரியில் காய்கறி ஏற்றி மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவர். பெண்ணை ஹாஸ்டலில் விடத் தயங்கினார். "இனிமே இவ என் பொண்ணுண்ணா" என்றாள் மரகதம். அந்த ஒரு வார்த்தையில் மனிதர் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஆட்டம் பதினாறாம் தேதி. ஏழாம் தேதி பயிற்சியில் தாரணி இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கல்லூரி பிசியோ வீணா அவளை ஸ்கேனுக்கு அழைத்துப் போனாள். மறுநாள் ரிப்போர்ட் உறையோடு மரகதத்தின் அறைக்கு வந்தாள்.

"ஜவ்வு பாதிக்கு மேல கிழிஞ்சிருக்கு மேடம். இதோட குதிச்சா மீதியும் போயிடும். ஆபரேஷன் வேணும். ஒம்பது மாசம் கிரவுண்டையே நினைக்கக் கூடாது."

மரகதம் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தாள். "நான் சொல்லிக்கறேன். நீ எதுவும் பேசாத. குழந்தை பயந்துடுவா."

அன்று மாலை தாரணியைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உள்ள கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். ஐஸ் வெச்சுக்கோ. ரெண்டு நாள் குதிக்காத."

தாரணி சிரித்தாள். "நான்கூட சும்மா பயந்துட்டேன் மேடம்."

உறை மேஜை இழுப்பறைக்குள் போனது. ஒரு வாரம்தானே என்று மரகதம் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கிழிந்த ஜவ்வோடு ஆடியவர்களை அவள் பார்த்திருக்கிறாள். கப் கைக்கு வந்த மறுநாளே நல்ல டாக்டராகப் பார்த்து ஆபரேஷன் செய்துவிடலாம். மூன்றாம் நாள் வீணா வந்து கேட்டபோது, "சொல்லிட்டேன். ஆடியே தீருவேங்கிறா" என்றாள். அந்தப் பொய் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது.

இறுதி ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையில் வீணா தாரணியின் முட்டிக்கு டேப் சுற்றினாள். மரகதம் கதவருகே நின்றிருந்தாள்.

"நல்லா யோசிச்சுத்தானே இறங்கற?" என்று வீணா கேட்டாள்.

"இதுல யோசிக்க இன்னா இருக்குக்கா? ஃபைனலாச்சே!"

வீணா நிமிர்ந்து மரகதத்தைப் பார்த்தாள். மரகதம் விசிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான்காவது செட்டில் இருபத்திரண்டுக்கு இருபது. செட்டர் தூக்கிக் கொடுத்த பந்துக்கு தாரணி எழும்பினாள். அன்று அவள் அடித்ததிலேயே சிறந்த அடி அது. எதிர்ப்பக்கத்துப் பெண்கள் கை தூக்குவதற்குள் பந்து தரையில். ஆனால் இறங்கியது இடது காலில். ஈரத்துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் பெஞ்சு வரை கேட்டதாகப் பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். மரகதத்துக்கு அது கேட்கவில்லை. தாரணி கீழே புரண்டு கத்திய அந்த நொடியில் அவள் கண் போன இடம் ஸ்கோர் போர்டு. இருபத்துமூன்று. அதன் பிறகுதான் ஓடினாள். இந்த முன்னும் பின்னும் வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

கப் வந்தது. ஒரு மாதத்தில் கடிதமும் வந்தது. தேசியப் பெண்கள் அணியின் முதல் பெண் கோச் என்று ஒக்கலிபுரத்துத் தெருவில் பேனர் கட்டினார்கள். அம்பேத்கர் சிலைக்கு மாலை போட அவளைத்தான் அழைத்தார்கள்.

தாரணிக்கு முட்டியில் இரண்டு ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரி டாக்டர் கம்ப்யூட்டரில் பழைய ஸ்கேனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கிழிஞ்சப்புறமும் ஏம்மா ஆடின?" என்று கேட்டிருக்கிறார். தாரணி படுக்கையிலிருந்தே மரகதத்துக்குப் போன் செய்தாள்.

"மேடம், எட்டாம் தேதி ரிப்போர்ட்ல இன்னா இருந்துச்சு?"

மரகதம் மேஜை இழுப்பறையைப் பார்த்தாள்.

"வீக்கம்னு சொன்னீங்களே மேடம்."

"நீ ஆடணும்னு ஆசைப்பட்டியேம்மா..."

"சொல்லியிருந்தாலும் நான் ஆடறேன்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனா அதை நான் சொல்லியிருப்பேன் மேடம். என் கால் அது."

பல்கலைக்கழகத்துக்கு தாரணி புகார் எழுதினாள். மூன்று பேர் கமிட்டி உட்கார்ந்தது. அதற்கு முந்தின நாள் கிளிஃபர்ட் மரகதத்திடம் பேசினார். "சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிஞ்சுது. அதுக்கு மேல நான் பாத்துக்கறேன்."

கமிட்டி முன்னால் தாரணி ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தாள். மேடம் தன்னிடம் சொல்லவே இல்லை என்றாள். வீணா நடந்ததை நடந்தபடி சொன்னாள். ரிப்போர்ட்டை மேடத்திடம் கொடுத்தது, மேடம் சொல்லிவிட்டதாகச் சொன்னது, டேப் போடும்போது தான் கேட்ட கேள்வி, அதற்கு தாரணி தந்த பதில். அந்தப் பதிலைத்தான் கமிட்டி பிடித்துக்கொண்டது. யோசிக்க ஒன்றுமில்லை என்றால் எல்லாம் தெரிந்துதானே இறங்கியிருக்கிறாள்?

"நீங்க இவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று தலைவர் மரகதத்தைக் கேட்டார்.

"சொன்னேன் சார்" என்றாள்.

தாரணி அழவில்லை. பெயர் மறந்துபோன ஆளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீராங்கனைக்கு எல்லாம் தெரியும் என்று தீர்ப்பானது. எழுத்தில் கொடுக்காதது பிசியோவின் தவறு என்று வீணாவின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் விட்டார்கள்.

மரகதம் தேசிய அணியோடு ஊர் ஊராகப் போனாள். ஆசியப் போட்டி ஒன்றில் அவள் அணி நான்காவதாக வந்தது. அதுவரை ஏழாவது இடத்தைத் தாண்டாத அணி. பத்திரிகைகள் அவளைக் கண்டிப்பானவர் என்றும் தாய் போன்றவர் என்றும் எழுதின. வேலை இருக்கும்வரை வேறு நினைப்பு வராது என்று தெரிந்துகொண்டு வேலையை அவள் விடவே இல்லை.

தீர்ப்பாகி இரண்டு வருடம் ஆகப்போகும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சின்னப்பா அவள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய பீன்ஸும் கேரட்டும். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மரகதம் கதவைப் பிடித்தபடியே நின்றாள். அவர் செருப்பை வாசலில் கழற்றினார்.

"மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன் மேடம்."

"எதுக்குண்ணா?"

"என் பொண்ணு உங்க மேல பெட்டிஷன் போட்டுச்சே. அப்பவே வந்திருக்கணும். எந்த மூஞ்சிய வெச்சுக்கினு வர்றது? ஷூ வாங்கிக் குடுத்து, சோறு போட்டு, சொந்தப் பொண்ணாட்டம் பாத்துக்கினீங்க. தானே ஆசையில ஆடிட்டு உங்க மேல பழி போட்டா நியாயமா?" நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். "கமிட்டி சொன்னத கேட்டுட்டு வீட்டுக்குப் போனதும் ஓங்கி ஒண்ணு அறைஞ்சிட்டேன் மேடம். ஆபரேஷன் கட்டு கூட பிரிக்கல அப்போ. அன்னிலேர்ந்து எங்கிட்ட பேசறதில்ல. ஒரே வீட்டுலதான் கீறோம். நான் உள்ள வந்தா தட்ட எடுத்துக்கினு எழுந்துடும். நின்னுக்கினே துண்ணும், அந்தக் கால வெச்சுக்கினு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்கும். பெரிய மனசு பண்ணி மன்னிச்சேன்னு ஒரு போன் போடுங்க."

சொல்லிவிடு என்று மரகதத்துக்குள் ஏதோ முட்டியது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"காபி குடிங்கண்ணா."

அவர் குடித்தார். போகும்போது வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பினார். அவளும் கூப்பினாள்.

மறுநாள் பயிற்சிக்குப் போனாள். அன்று முழுக்க ஒரு பெண் குதித்துவிட்டு இறங்கும்போதெல்லாம் மரகதம் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று நாள் அப்படியே போனது. பீன்ஸும் கேரட்டும் பையிலேயே வாடின. நான்காம் நாள் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அத்திபெலே பஸ் ஏறினாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். சின்னப்பா லாரியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். அவர் மனைவி லட்சுமம்மா, "வாங்க மேடம், வாங்க" என்று அவசரமாகச் சேரைத் துடைத்தாள். தாரணி ஹார்டுவேர் கடையில் பில் போடுகிற வேலையில் இருந்தாள். அவளும் அப்போதுதான் வந்தாள். தொடையில் கையை ஊன்றி வாசற்படி ஏறியவள் மரகதத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றாள்.

மரகதம் உட்காரவில்லை.

"அண்ணா, உங்க பொண்ணு சொன்னதுதான் நிஜம். ரிப்போர்ட்ல இருந்ததை நான் அவகிட்ட சொல்லல. வீக்கம்னு பொய் சொன்னேன். கமிட்டிலயும் பொய்தான் சொன்னேன்."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. லட்சுமம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ ஞாயித்துக்கிழமை நான் வந்தேனே" என்றார் சின்னப்பா. குரல் மெதுவாகத்தான் இருந்தது. "கை கூப்பினேனே. அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்ணா."

"காபி குடுத்தீங்களே மேடம்."

அவர் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட மரகதத்தால் நிற்க முடிந்திருக்கும். அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"சோறு போடும்மா" என்றாள் தாரணி தாயிடம். "டைம் ஆவுது, கடைக்குப் போவணும்." அப்பாவைப் பார்க்காமலே உள்ளே போய்த் தட்டை எடுத்தாள். பிறகு மரகதத்திடம் வந்தாள்.

"வீணாக்கா இப்போ இன்னா பண்றாங்க, தெரியுமா?"

"தெரியாது."

"விவேக் நகர்ல வீடு வீடாப் போய் நோயாளிங்களுக்குக் கைகால் மடக்கி நீட்டி விடறாங்க. வேற எந்த காலேஜும் அவங்களைச் சேக்கல. இங்க வந்து சொன்னது உங்க மனசு பேஜார் தீர. எங்களுக்கு அது போதாது. எழுதிக் குடுங்க. நான் கேஸ் போடறேன்."

"எழுதறேன்" என்றாள் மரகதம்.

மெஜஸ்டிக் பக்கம் ஒரு நோட்டரி அலுவலகம். டைப் அடிக்கும் முனிராஜ் அவள் சொல்லச் சொல்லக் கன்னடத்தில் அடித்தார். அடித்ததைத் தமிழில் படித்துக் காட்டினார்: "கவனக்குறைவால் தெரிவிக்கத் தவறிவிட்டேன்."

"அப்படி நான் சொல்லலையே."

"இப்படி இருந்தாத்தான் உங்களுக்கு சேஃப் மேடம். நான் எத்தனை அஃபிடவிட் அடிச்சிருக்கேன்."

"கவனக்குறைவு இல்ல. தெரிஞ்சே, வேணும்னே மறைச்சேன்னு அடிங்க."

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு முறை பார்த்துவிட்டு அழித்து அடித்தார்.

விஷயம் தெரிந்ததும் கிளிஃபர்ட் போனில் கத்தினார். "பைத்தியமா உங்களுக்கு? நேஷனல் கேம்ப் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கு. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு லேடி கோச் வந்து, அதையும் நீங்களே கெடுத்துட்டீங்க. இனிமே வேற எந்தப் பொம்பளைக்குக் குடுப்பானுங்க?" அவர் சொன்னதில் அது ஒன்று மட்டும் உண்மை. அடுத்த வாரம் ஓர் ஆண் கோச் வந்தார். கல்லூரி அவளை முதலில் சஸ்பெண்ட் செய்து, பிறகு டிஸ்மிஸ் செய்தது. தெருவில் பேனர் கட்டிய பிள்ளைகள் அவளைக் கண்டால் போனைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். பிசியோ இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்று வீணாவுக்குக் கல்லூரியிலிருந்து இரண்டு வரிக் கடிதம் போனது. வீணாவிடம் மன்னிப்புக் கேட்க மரகதம் போனபோது அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "எனக்குப் பேஷன்ட் இருக்காங்க" என்றாள்.

வழக்கு முதல் தடவை வந்த நாளில் கோர்ட்டில் லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாம் மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும். மரகதம் வந்து சேர்ந்தபோது தாரணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். நல்ல காலை முதலில் வைப்பாள், பிறகு மற்றதை இழுத்துக்கொள்வாள். பக்கத்தில் சின்னப்பா தோளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டே ஏறினார். அவள் அந்தத் தோளைத் தொடவில்லை. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் அவர்களை ஒதுக்கிக்கொண்டு மேலே ஓடினார்கள். அப்படி ஓட மரகதத்துக்கு மனம் வரவில்லை. நாலு படி பின்னாலேயே வந்தாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் தாரணி நின்றுவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. இன்னும் பதினெட்டுப் படி இருந்தன. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே, கையை அவர் தோளில் வைத்தாள். சின்னப்பா மூச்சுவிடவும் பயந்தவர் போல அசையாமல் நின்றார்.

மரகதம் நாலு படி கீழேயே காத்திருந்தாள். அவர்கள் மறுபடி ஏறத் தொடங்கிய பிறகு அவளும் ஏறினாள்.