ராகுகாலத்தில் போன மெயில்

சுந்தரராமன் மாமாவுக்குக் கல்யாண வீட்டு அடுப்பும் ஒன்றுதான், கம்ப்யூட்டரும் ஒன்றுதான். நல்ல நேரம் பார்க்காமல் இரண்டிலும் கை வைக்க விடமாட்டார்.

கோட்டைக்குள் தெருவில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர் அவர். பெண் அமெரிக்காவில், மாப்பிள்ளை துபாயில், கல்யாணம் மட்டும் திருவனந்தபுரத்தில் என்ற காலம் வந்துவிட்டதால், மெனுவும் விலையும் மெயிலில் போயாக வேண்டியிருந்தது. அதற்காகத்தான் பாகீரதியை வேலைக்கு வைத்தார். மெயில் அடிப்பது அவள் பாடு. அனுப்பும் நேரம் மாமா பாடு. காலையில் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "பத்தே முக்காலுக்கு மேல" என்பார். அதுவரை எழுதியதெல்லாம் அவுட்பாக்ஸில் கைகட்டி நிற்கும். நேரம் வந்ததும், பழைய வாடிக்கைக்காரர் அத்தனை பேருக்கும் போகவேண்டிய அந்த மாதத்து மெனுவும் சேர்ந்து, எல்லாம் ஒரே தள்ளாகப் போகும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஆங்கிலக் கொட்டை எழுத்தில் 'சுபம்' என்று மூன்று தடவை இருந்தாக வேண்டும்.

போனதெல்லாம் எங்கேதான் போயிற்றோ, அதுதான் வயிற்றெரிச்சல். "உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு வரி வரலையே" என்று ஃபோன் மேல் ஃபோன். இரண்டு பெரிய கல்யாணங்கள் கைவிட்டுப் போனபோது, சமையல்காரர்கள் எல்லார் முன்னாலும் மாமா வெடித்தார்.

"நீ அனுப்பவே இல்லை பாகீரதி. அனுப்பினேன்னு கதை சொல்றே. இன்னொண்ணு இப்படிப் போச்சுன்னா நீ வரவேண்டாம்."

அனுப்பியதைத் திரையில் காட்டினாள். "இங்கே இருக்கு, சரி. அங்கே இல்லையே!" என்று விட்டார். வேலை போனால் கூடப் போகட்டும், பொய்க்காரி என்ற பேரோடா போவது? இந்தத் தெருவில் அந்தப் பேர் அவளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும்.

இவர்களுக்கு மெயில் வசதி செய்து கொடுத்த ராஜையனுக்குக் கிழக்கேகோட்டையில் கடை. பாகீரதி அவனை வரவழைத்துக் காட்டினாள். பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எந்தா சேச்சி இது? இத்தன மெயில ஒரே மூச்சுல தள்ளுனா அங்க உள்ள மெஷினு என்ன நெனைக்கும்? ஊரெல்லாம் நோட்டீசு வீசுற ஆளுன்னு நெனைக்கும். போதாக்கொறைக்கு மூணு சுபம் வேற! எல்லாம் அவங்கவங்க ஸ்பாம்ல கெடக்கும். அதத் தொறந்து பாக்க ஆரு போறா?"

புது அட்ரஸ் ஒன்று போட்டுக் கொடுத்தான். "இதுல ஒண்ணொண்ணா, எடைவெளி விட்டு அனுப்பணும், கேட்டியளா? சுபமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இதையும் கூட்டமாத் தள்ளிக் கெடுத்தா, பின்னே என்னை விளிக்கண்டா, கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒண்ணொண்ணா அனுப்பினா நல்ல நேரம் எப்படிப் போறும்? நடுவிலே ராகுகாலம் வந்துடாதோ? மெஷினுக்கு சாஸ்திரம் தெரியாது, நமக்குமா?" என்றார். புது அட்ரஸ் தொடாமலே கிடந்தது. பாகீரதிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மஸ்கட்டிலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். பெண்ணுக்குக் கல்யாணம், ஆயிரம் இலை. "மூணு தரம் கேட்டாச்சு, மெனு வரலை. இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்பேன். அப்புறம் வேறே ஆளைப் பாத்துப்பேன்" என்று வைத்துவிட்டார்.

மணி அப்போதுதான் மூன்று அடித்திருந்தது. மறுநாள் கல்யாணத்துக்குப் பின்கட்டில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே போகக் கிளம்பிய மாமா, "நாலரைக்கு மேல அனுப்பு" என்றார்.

"அதுக்குள்ள அவர் வேறே ஆளைப் பிடிச்சுடுவார் மாமா."

"பிடிக்கட்டும். ராகுகாலத்திலே போன கல்யாண மெனு உருப்படுமோ? பேசாம இரு."

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று பாகீரதிக்கு நன்றாகத் தெரியும். நாலரைக்கு மெயில் போகும், ஐந்து மணிக்குப் பழி அவள் தலையில் விழும். அவருக்கு ராகுகாலம் ஒன்றரை மணி நேரம்தான். தனக்கு இந்த ஆபீசில் கால் வைத்த நாளிலிருந்தே ராகுகாலம் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. புது அட்ரஸைத் திறந்தாள். மூன்று சுபத்தையும் அடித்துத் தள்ளினாள். 'மெனுவும் விலையும்' என்று மொட்டையாகத் தலைப்பு வைத்து, அந்த ஒரே மெயிலை அனுப்பினாள்.

அரைமணி கழித்து மாமா செல்ஃபோனைக் காதிலிருந்து எடுத்தபடியே வந்தார். முகமெல்லாம் பல்.

"மஸ்கட் முடிஞ்சுது! பாயசத்திலே பிரதமன் மட்டும் ரெண்டு தினுசு வேணுமாம். நம்ம பழைய மெயிலெல்லாம் ஸ்பாமிலே கிடந்துதாம், இப்பத்தான் தேடிப் பாத்தாராம்." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். "நீ எப்போ அனுப்பிச்சே?"

"மூணேகாலுக்கு."

"ராகுகாலத்திலேயா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலை." பாகீரதி எழுந்து நின்றாள். "என்னை நிறுத்தறதானா நிறுத்துங்கோ மாமா. ஆனா அன்னிக்கு அத்தனை பேர் முன்னால பொய்க்காரின்னேளே, அதைத் திருப்பி எடுத்துண்டுட்டு நிறுத்துங்கோ." குரல் உடைந்தது. உடைந்ததற்காக அவள் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலுகூட ஆகவில்லை. நாலரை ஆகட்டும் என்றுதான் சொல்லப்போகிறார் என்று அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எல்லாரும் இங்கே வாங்கோடா" என்று பின்கட்டைப் பார்த்துக் கத்தினார் மாமா. துண்டில் கை துடைத்துக்கொண்டே ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

"அன்னிக்கு இவ மெயில் அனுப்பலைன்னு சொன்னேனோல்லியோ? அனுப்பியிருக்கா. எல்லாத்தையும் அனுப்பியிருக்கா. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

தலைமைச் சமையல்காரர் பதறிப்போய்க் கடிகாரத்தைக் காட்டினார். "மாமா, ராகுகாலமாக்கும்."

"தெரியும்டா" என்றார் மாமா.