தையற்காரர் எடுத்த அளவு

"சைக்கிள் ஓட்டுங்க, ஆனா குனிஞ்சு ஓட்டாதீங்க" என்று மருத்துவர் சொன்னதுதான் தாமதம், தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு சைக்கிள் கடைக்குக் கிளம்பிவிட்டார். இருபத்தெட்டு வருஷமாக மிஷின்மேல் குனிந்தே கிடந்த முதுகு அவருடையது.

மலையேறும் சைக்கிள்களில் பதினொன்றை அளந்தார். ஹேண்டில் உயரம், சீட்டிலிருந்து அதற்குள்ள தூரம், ஒன்றையும் விடவில்லை.

"சைக்கிளுக்கு சட்டையா தைக்கப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"வலிக்கிறது உங்க முதுகா, என் முதுகா?" என்று எரிந்து விழுந்தார் தையற்காரர்.

கடைசியில், நிமிர்ந்து உட்காரவைக்கிற, குழியில் இறங்கினாலும் மெத்தைபோல் தாங்குகிற ஒன்றை வாங்கி, ராஜா மாதிரி ஓட்டிவந்தார். முதுகு மூச்சுக்கூட விடவில்லை.

வாசலில் இறங்கிய பிறகுதான் உறைத்தது: வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறியவருக்கு முதல் மாடித் திருப்பத்திலேயே முதுகு பிடித்துக்கொண்டது. அலறல் கேட்டு இறங்கி வந்த மனைவி சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே போனாள்.

மறுநாள் காலை, கட்டிலில் மல்லாந்து கிடந்தவர் காதில் தெருவிலிருந்து சைக்கிள் மணிச் சத்தம் விழுந்தது. கூடவே மனைவியின் குரல்:

"ஏங்க, இத்தனை வருஷத்துல எனக்கு நீங்க சரியா எடுத்த அளவு இது ஒண்ணுதாங்க!"